அடிப்பக்கத் தையல்

"நாளையிலேருந்து நீ தைக்க வர வேண்டாம், ஆர்டிஸ்."

சொல்லிவிட்டு, நூல்கண்டைத் தேடுவதுபோல் மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டாள் லவோன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று கோடையிலேயே முடிவு செய்துவிட்டாள்.

கோடையில்தான் மானம் போயிற்று. மாவட்டக் கண்காட்சியில் இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கிற குயில்ட் போர்வைக்கு வருஷா வருஷம் முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கியவள் லவோன். இந்தத் தடவை நடுவர் அம்மாள் போர்வையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள். மேலே பார்த்தால் வரிசை பிசகாத தையல். அடியில் பார்த்தால் பல் விழுந்த வாய் மாதிரி எங்கே பார்த்தாலும் இடைவெளி. ஊசி நடுவில் இருக்கும் பஞ்சோடு திரும்பிவிட்டது. அடித்துணியைத் தொடவே இல்லை. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, போர்வையை மடித்து ஓரமாக வைத்துவிட்டார்கள்.

"அது என் கை வேலை லவோன். கவனிக்காம விட்டுட்டேன்" என்று ஆர்டிஸ் அங்கேயே ஒப்புக்கொண்டாள்.

ஒப்புக்கொண்டால் போன மானம் திரும்பி வந்துவிடுமா? மகள் கல்யாணமாகிப் போனதும் அவள் அறையை ஆசை ஆசையாகத் தையலறை ஆக்கியவள் லவோன். கட்டிலை வெளியே போட்டு, ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் போர்வையை விரித்துக் கட்டித் தைக்க, புருஷன் வெண்டலைக்கொண்டு பெரிய மரச்சட்டம் அடித்து வைத்தாள். பக்கத்து வீட்டில் ஒண்டியாகக் கிடக்கிறாளே என்று பாவப்பட்டு, அதே போர்வையைச் சேர்ந்து தைக்க ஆர்டிஸுக்கும் அங்கே ஒரு நாற்காலி போட்டாள். அந்தப் பாவம் பார்த்ததற்குத்தான் இந்தப் பலன்.

ஆர்டிஸ் கோபப்படவில்லை. அதுவே லவோனுக்கு எரிச்சலாக இருந்தது.

"சரி, தைக்கல. சும்மா பக்கத்துல உக்காந்துக்கறேன். ஊசி கோத்துத் தரேன். அப்பப்ப அடியில ஒரு பார்வை பார்த்து வைக்கறேன்."

"பாக்கறதுக்கு எனக்குக் கண்ணு இருக்கு."

"அடித்தையலுக்குக் கண்ணு என்னடி செய்யும்? விரல்தானே..."

ஆர்டிஸ் பாதியில் நிறுத்திக்கொண்டாள். லவோனின் கையை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் தன் கத்தரிக்கோலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஊற்றி வைத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

பனிக்காலம் வந்தது. லவோன் தனியாக உட்கார்ந்து புதுப் போர்வையைத் தைத்தாள். தொணதொணப்பு இல்லை, யார் கையையும் கண்காணிக்க வேண்டியதில்லை. நிம்மதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜன்னல் வழியே ஆர்டிஸ் வீட்டுச் சமையலறை தெரியும். அந்தப் பக்கம் மட்டும் திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு வந்த ஆர்டிஸின் மகன், அம்மாவைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டான். அவனுடைய நகரத்தில் ஏதோ முதியோர் இல்லமாம். அந்த வீட்டுப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொடுத்துவிட்டு வந்த வெண்டல்தான் சொன்னார்.

"அவன் நாலஞ்சு வருஷமா கூப்பிட்டுக்கிட்டே இருந்தானாம். எனக்கு லவோன் வீட்ல வேலை கிடக்கு, வர முடியாதுன்னு சாக்கு சொல்லியே ஓட்டியிருக்கா. இந்த வாட்டி சொல்றதுக்கு ஒண்ணுமில்ல பாவம்."

"போறப்ப என்ன சொன்னா?"

"உன்னைக் கையைப் பத்திரமா பார்த்துக்கச் சொன்னா."

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தாள் லவோன். மனசு கொஞ்சம் கனத்தது. ஆனாலும் போர்வையாவது இந்த வருஷம் சுத்தமாக வருமே என்று ஆறுதல் பட்டுக்கொண்டாள்.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் கடைசிக் கரையும் தைத்து முடிந்தது. வெண்டல் சட்டத்தைத் தளர்த்த, இரண்டு பேருமாகப் போர்வையை எடுத்து, அடிப்பக்கம் மேலே இருக்கும்படி தரையில் விரித்தார்கள்.

லவோன் குனிந்து பார்த்தாள்.

இடைவெளி. போன வருஷத்தைவிட மோசம். பாதிக்கு மேல் தையல் அடித்துணியைத் தொடவே இல்லை. போதாததற்கு, வெள்ளைத் துணி நெடுகச் சின்னச் சின்னதாகக் கறை. சில இடங்களில் காய்ந்து பழுப்பாக, கரையோரத்தில் இன்னும் சிவப்பாக.

"ஆர்டிஸ் எப்பவாவது இங்க வந்தாளா? நான் இல்லாதப்ப?" லவோனுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

வெண்டல் அவளுடைய இடக் கையைப் பிடித்துத் திருப்பினார். வலக் கை மேலிருந்து குத்தும் ஊசியை, சட்டத்துக்கு அடியில் இருந்து வாங்கித் திருப்பி அனுப்புகிற கை அது. முனை துணியைத் தாண்டி வந்துவிட்டது என்று அந்த விரல்தான் உணர்ந்து சொல்ல வேண்டும். விரல் நுனிகள் சல்லடையாகக் கிடந்தன. ஒன்றிலிருந்து இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"வலிக்கலையா லவோன்?"

அவள் கட்டை விரலால் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தாள். இன்னும் பலமாக அழுத்தினாள். யாருடைய விரலையோ அழுத்துவது போலிருந்தது.

"எத்தனை நாளா இப்படி?" என்றார் வெண்டல்.

லவோன் போர்வையின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கு வெண்டல். கண்காட்சியில அவ தன்னோடதுன்னு சொன்னது அத்தனையும் என் தையல்."