தலைமாடு

"மரணம் பகையை எரித்து மனிதர்களை ஒன்றாக்குகிறது" என்று ஊர்த்தலைவர் மைக்கில் முழங்கி முடிப்பதற்குள், இறந்தவரின் மூத்த மனைவி மாடத்தி, இளையவள் செல்லக்கனியின் கொண்டையைப் பிடித்துத் தரையில் மோதினாள். பிணத்தின் தலைமாட்டில் யார் உட்காருவது என்பதுதான் சண்டை.

"முப்பது வருசம் குடும்பம் நடத்துனவடி நான். அவரு ஒடம்புல எனக்குத் தெரியாத மச்சம் ஒண்ணு உண்டா? கால்மாட்டுக்குப் போடி!"

செல்லக்கனி பிணத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாடத்தி அவளை உதைத்து இழுத்ததில் தாடையில் கட்டியிருந்த துணி அவிழ்ந்தது. வாயிலிருந்து பல்வரிசை அப்படியே பாயில் விழுந்தது.

"ஐயையோ, அவரு பல்லப் பேத்துட்டேனே!" என்று மாடத்தி அலறினாள்.

செல்லக்கனி தன் உதட்டு ரத்தத்தைத் துடைத்துவிட்டு, அந்தப் பல்வரிசையைச் செம்புத் தண்ணீரில் அலசி, பழகிய கையால் அவர் வாயில் பொருத்தினாள்.

அவர் பல்செட் கட்டி எட்டு வருடம் ஆகிறது.