எட்டாவது பெயர்

"மாத்த முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க மேடம்."

வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே பத்துமலை இப்படிக் கேட்டுவிட்டார்.

ஈப்போவில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிறது விமலாவின் மனநல ஆலோசனை அறை. பத்துமலைக்கு ஊர் ஆயர் தாவார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார்.

"யார மாத்தணும்ணே?"

"பையனத்தான். இருபத்தஞ்சு வயசு. பொண்ணுங்க மேல இஷ்டம் வராதாம். இன்னொரு பையனத்தான் புடிக்குமாம்."

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பலமுறை ஒப்பித்த பாடம் போல இருந்தது.

விமலா சன்னல் வழியே கீழே பார்த்தாள். மர நிழலில் ஒரு பழைய கார். உள்ளே ஓர் இளைஞன், மடியில் இருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"அவர்தானா?"

"அவந்தான். சோறே எறங்க மாட்டேங்குது."

"மேல கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"மொதல்ல நீங்க பதில் சொல்லுங்க. அப்புறம் கூட்டியாறேன்."

விமலாவுக்குச் சுருக்கென்றது. பிள்ளையைக் காரில் உட்கார வைத்துவிட்டு, ரிப்பேருக்கு ஆள் கிடைக்குமா என்று கேட்க வந்தவர் மாதிரி அல்லவா பேசுகிறார்!

அவருடைய மொட்டைத் தலையில் முடி இப்போதுதான் முளைவிட்டிருந்தது. தைப்பூசம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"கல்லுமலை முருகனுக்கு வேண்டுதலாண்ணே?"

பத்துமலை தலையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"மகனுக்காக எடுத்தது மேடம்."

சாமியிடம் கேட்டுப் பார்த்தாகிவிட்டது, இனி நம் முறை என்று விமலா நினைத்துக்கொண்டாள்.

மேசைமேல் ஒரு தாளை அவர் விரித்து வைத்திருந்தார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்தது. ஆலோசகர்கள் எட்டுப் பேரின் பெயர்கள். தாப்பாவில் ஒருவர், லகாட்டில் ஒருவர், மற்றவர்கள் ஈப்போ. முதல் ஏழு பெயர்களையும் கோடு போட்டு அடித்திருந்தார். எட்டாவது பெயர் அவளுடையது.

ஏழு பேரும் கைவிரித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இப்படிப்பட்ட அப்பா அம்மாக்களிடம் விமலா முதல் நாளே முடியாது என்று சொல்வதில்லை. "கூட்டிட்டு வாங்க, பேசிப் பாக்கலாம்" என்பாள். அவர்கள் வெளியே போய்க் கதவு சாத்தியதும் பிள்ளையிடம், "உன்மேல ஒரு தப்பும் இல்ல" என்பாள். பதினோரு வருடப் பழக்கம். ஒரே ஒருமுறை, போன வருடம், ஓர் அம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். அந்த அம்மா மறுநாளே மகளை மந்திரிக்கிறவரிடம் கூட்டிப்போய்விட்டாள். அந்தப் பெண்ணை அதன் பிறகு விமலா பார்க்கவில்லை.

பழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

கீழே அந்த இளைஞன் பொட்டலத்தின் ரப்பரை இழுப்பதும் விடுவதுமாக இருந்தான். ரோட்டில் போகிற யாரையும் அவன் பார்க்கவில்லை.

"முடியாதுண்ணே," என்றாள் விமலா. "மாத்த முடியாது. மாத்தவும் கூடாது. இது நோய் இல்ல. மாத்திக் காட்டுறேன்னு எவர் சொன்னாலும் அது பொய். மாற வேண்டியது அவர் இல்லண்ணே, நீங்க."

சொன்ன பிறகு பயமாக இருந்தது. எழுந்து போய்விடுவாரோ?

பத்துமலை எழுந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எட்டாவது கோடு விழப்போகிறது என்று விமலா காத்திருந்தாள்.

கோடு விழவில்லை. அவள் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்தது.

"அப்போ இந்த ஏழு பேரு?" என்று கேட்டாள் விமலா.

"ஏழு பேரும் முடியும்னாங்க மேடம். ஒருத்தர் மூணு மாசம் போதும்னாரு. ஒருத்தர் கேரண்டியே குடுத்தாரு லா."

விமலா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

"மொதப் பேரு இருக்கே, அவருகிட்டதான் போன வருஷம் மகன விட்டேன். முடியும்னாரு, நம்பிட்டேன். எட்டு மாசம், வாரா வாரம் நாந்தான் கூட்டிட்டுப் போனேன். 'நான் இப்படியே இருந்தா ஒனக்கு என்னப்பா?'ன்னு கார்லயே கேப்பான். நான் ரோட்டப் பாத்துக்கிட்டே ஓட்டுவேன்."

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"அதான் இப்பல்லாம் நான் மட்டும் மொதல்ல ஏறி வாறேன். 'மாத்திரலாம்'னு எவனாச்சும் சொல்லி, அது இந்தப் பையன் காதுல விழுந்துறக் கூடாது பாருங்க."

சன்னலருகே போய்க் கையசைத்தார்.

படியேறி வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். பொட்டலம் இன்னும் கையில் இருந்தது. கண்கள் வீங்கியிருந்தன.

"வாங்க தம்பி, உக்காருங்க," என்றாள் விமலா. "அப்பா உங்களுக்காக எவ்வளவு அலைஞ்சிருக்காரு தெரியுமா?"

அவன் உதடு துடித்தது. பத்துமலை அவன் தோளில் கை வைத்தார்.

"நான் இவனோட அப்பா இல்ல மேடம். என் மகன் தீபனுக்குப் போன வாரந்தான் பதினாறாம் நாள் காரியம் முடிச்சோம். இவன் பேரு கோகிலன். தீபனுக்குப் புடிச்ச பையன்."