பேன் வழக்கு

பூவிழியைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி, இறந்துபோன அவள் அம்மாவின் அக்கா மரகதவல்லி வழக்குப் போட்டிருந்தாள். "அம்மா, பிள்ளை தலை முழுக்கப் பேனுங்க" என்று நீதிமன்றத்தில் நீதிபதியிடம் முறையிட்டாள். அப்பா பரிதி தலைகுனிந்தான். நீதிபதி அம்மாள் பூவிழியை அருகே அழைத்தார்.

"அப்பா பேன் பார்க்க மாட்டாரா கண்ணு?"

"தினமும் பார்ப்பாரு. அம்மா சாமிகிட்ட போனதுலேர்ந்து எதையும் கொல்ல மாட்டாரு. ஜன்னல்ல விட்டு, போயிட்டு வான்னு சொல்வாரு."

நீதிமன்றமே சிரித்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தவள் மரகதவல்லிதான். "வான்னு சொன்னா வராம என்ன செய்யும் தம்பி?" என்றபடி குழந்தையை மடியில் இழுத்துப் போட்டு, ஒரு பேனை எடுத்துப் பரிதியின் கட்டைவிரல் நகத்தில் வைத்தாள். "குத்துங்க."

பரிதி கண்களை இறுக மூடி, மறு நகத்தால் அழுத்தினான். டப்பென்ற சத்தத்துக்கு மகள் கைதட்டினாள். தீர்ப்பு எழுதவிருந்த நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.