ரோமாபுரி வூட்டுக்காரம்மா

பாப்பாரப்பட்டி வீட்டில் போன் அடித்ததும், மாதம்மாள் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். முகத்தைத் துடைத்து, சிரிப்பை வரவழைத்த பிறகுதான் வீடியோ காலை எடுத்தாள்.

"ஊரு புடிச்சிருக்கா கண்ணு?"

ரோமுக்குப் படிக்கப் போய் ஒரு மாதம்கூட ஆகாத மகள் சங்கவி மூச்சுவிடாமல் பேசினாள். "எங்க திரும்பினாலும் ரெண்டாயிரம் வருசத்துக் கல்லும்மா. பாதி ஒடஞ்ச தூணு பக்கத்துல நின்னுதான் தெனமும் பஸ் ஏறுறேன். இடிஞ்சு போச்சுன்னு இங்க எதையும் தூக்கிப் போடறதில்ல. ஆமா, அப்பா எங்க? இன்னிக்கும் இல்லியா?"

"ஒகேனக்கல்லுக்கு மீனு வாங்கப் போயிருக்காரு கண்ணு. வர நேரமாவும்."

சங்கவி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு வேறு பேச்சுக்குத் தாவினாள். "நான் வாடகைக்கு இருக்கிற வூட்டுக்காரம்மாவுக்கு எழுவது வயசும்மா. காய் வாங்கப் போறதுன்னாலும் செவசெவன்னு உதட்டுச் சாயம் பூசிக்குவாங்க."

"அவங்க வூட்டுக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"அவரு செத்துப் பல வருசமாச்சும்மா."

மாதம்மாளின் கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போனது.

"அம்மா..." சங்கவியின் குரல் கம்மியது. "இது புரட்டாசி மாசம். புரட்டாசியில அப்பா எந்த வருசம் மீனைத் தொட்டாரு?"

மாதம்மாள் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். "நீ படிப்ப உட்டுட்டு ஓடியாந்துருவேன்னுதான் கண்ணு சொல்லல..."

"படிக்கிறேம்மா." சங்கவி அழுதாள். "நீ போனை வெச்சதும் அந்தப் பொட்டை எடுத்துத் திரும்பக் கண்ணாடியில ஒட்டிடாத."