பத்துக்குப் பத்து

கஸ்பார் முப்பது வருடம் உறை பிரிக்காமல் பூட்டி வைத்திருந்த காமிக்ஸ், பழைய புத்தகங்களின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும் வெளிநாட்டுத் தர நிலையத்தில் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டது. மதிப்பெண் ஏற ஏறப் பார்சல் கட்டணமும் ஏறும். அதைத் தூத்துக்குடிக்குத் திருப்பி அனுப்பும் செலவுக்குப் புத்தகத்தை விற்றால் போதாது, வீட்டையும் விற்க வேண்டும்.

"கட்டணம் கட்டாவிட்டால் புத்தகம் எங்களுக்குச் சொந்தம்," என்றது திரையில் தெரிந்த, அந்த நிலையத்தின் இயந்திர முகம்.

"பகல் கொள்ளைல்லா இது!" என்று கத்தினார் கஸ்பார். "மார்க்கைக் குறைக்க என்ன வழி?"

"அட்டை கசங்கினால் குறையும்."

"அப்போ கசக்குல! நல்லாக் கசக்கி அனுப்பு!"

பின்னால் நின்ற மகள் பிளெஸ்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எட்டு வயசுல அதைத் தொட்டதுக்குக் கை வீங்க அடிச்சீங்களேப்பா. அன்னைக்கு என்னையப் படிக்க விட்டிருந்தா, ஓசியிலேயே கசங்கியிருக்குமே!"