நாற்பது நிமிடத் தூரம்

“மறுபடியும் தராசுல ஏறி நில்லுங்க” என்றார் குமாஸ்தா.

“இப்பதானே சார் நின்னேன்!” அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது. “என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில உசுருக்குப் போராடிக்கிட்டிருக்கார். எடை பார்க்கிற நேரமா இது?”

“சின்ன விமானம்மா. ஒரு கிலோ கூடினாலும் வம்பு. ஏறுங்க.”

ஏறினாள். முள் அதே ஐம்பத்திரண்டில் நின்றது. அவளுடைய துணிப்பையையும் பிரித்துப் பார்த்தார். புருஷனுக்கு மாற்றுச் சட்டை இரண்டு, ஒரு சீப்பு. பார்த்துவிட்டு நிதானமாக மடித்து வைத்தார்.

விமான நிலையம் என்று பேர்தான் பெரிது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு தராசு, ஒரு ரேடியோ. எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். கைபேசிக்குச் சிக்னலே கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் இதேபோல் இன்னொன்று. நடுவில் நூற்றெண்பது கிலோமீட்டர். பறந்தால் நாற்பது நிமிடம். மலையைச் சுற்றிச் சாலையில் போனால் பதினான்கு மணி நேரம்.

“ரேடியோவுலயாவது கேட்டுச் சொல்லுங்க சார். அவர் எப்படி இருக்கார்னு ஒரே ஒரு வார்த்தை.”

“அது விமானச் சமாச்சாரத்துக்கு மட்டும்தான். சொந்த விஷயமெல்லாம் பேசக் கூடாது.”

முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார் அந்த மகராசன்.

அவள் பெஞ்சில் சரிந்தாள். “நான் போய்க் கையைப் பிடிச்சா எந்திரிச்சிடுவார். எனக்குத் தெரியும் சார். என்னைச் சீக்கிரம் அனுப்புங்க சார்.”

காத்திருந்த பயணிகளில் ஒருவரான விதை வியாபாரிக்குப் பொறுக்கவில்லை.

“வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. விமானி ஏறி உட்கார்ந்து அரை மணியாச்சு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா? அந்த ஆளுக்கு ஏதாவது ஆச்சுன்னா பாவம் உன்னைத்தான் சேரும்!”

குமாஸ்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாருடைய டிக்கெட்டையும் வாங்கி மறுபடி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். இன்னும் பத்து நிமிடம் அதில் போயிற்று.

கடைசியில் கதவைத் திறந்துவிட்டார். “ஏறலாம்.”

அவள் ஓடினாள். படியில் கால் வைக்கும்போது திரும்பி, “நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க” என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

விமானம் கண்ணுக்கு மறைந்ததும் ரேடியோ அறைக்குள் போனார்.

“கிளம்பியாச்சு. நாப்பது நிமிஷத்துல அங்க இருக்கும். அந்தப் பொண்ணோட அண்ணன் புறப்பட்டுட்டாரா?”

மலைக்கு அந்தப் பக்கத்துக் குமாஸ்தா பதில் சொன்னார். “ஆஸ்பத்திரியிலேர்ந்து புறப்பட்டு முக்கால் மணி ஆச்சு. நீங்க கேட்டுக்கிட்ட மாதிரியே, விமானம் இறங்குறதுக்குள்ள வந்து நிப்பார். ஆமா, புருஷன் காலையிலேயே போயிட்ட விஷயத்தை அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

“எப்படிங்க சொல்லுவேன்?” என்றார் குமாஸ்தா. “விழுந்தா தாங்கிப் பிடிக்க இங்க யாரு இருக்கா? அங்க வந்து அண்ணன் தோள்ல சாய்ஞ்சு அழட்டும். அதுவரைக்கும், இன்னும் ஒரு நாப்பது நிமிஷம், அந்தப் பொண்ணுக்குப் புருஷன் இருந்துட்டுப் போகட்டும்.”