இருநூற்றுப் பத்தொன்பதாம் பக்கம்

புத்தகத்தின் அட்டையைக் கிழித்தான்.

கெட்டி அட்டை சிறைக்குள் போகக் கூடாது. தேசத் தலைவரின் முகம் மேசையில் தனியாகக் கிடந்தது.

"தலைவரையே வெளிய நிறுத்திட்டீரே சார்," என்று சிரித்தார் கதவருகே நின்ற வார்டர்.

தலைவரின் மூன்று தொகுதி வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கி ஒன்றாகப் போட்டிருந்தார்கள். கைதிக்கு ஒரு முறைக்கு ஒரு புத்தகம்தான். அதனால் இது.

கொண்டுவந்தவள் எதிரே நின்றாள். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. கைதி தவசிமணியின் மகள்.

உள்ளே போகும் புத்தகங்களைப் படித்துக் குறிப்பெழுதுவது அவன் வேலை. தப்பிக்க வழி சொல்லும் பக்கம் இருந்தால் கிழிக்க வேண்டும்.

புரட்டினான்.

ஆசிரியர் புகழ்ந்து தள்ளியிருந்தார். தலைவருக்குப் பசிக்கவில்லை. கோபம் வரவில்லை. தும்மல்கூட வரவில்லை. இருநூறு பக்கம் இப்படியே.

213இல் தலைவர் சிறைக்குப் போனார். ஜன்னல் கம்பியை அறுத்தார். மதிலேறிக் குதித்தார்.

ஆறு பக்கம்.

இரும்பு அளவுகோலை மடிப்பில் வைத்தான்.

"சார், அதக் கிழிச்சிராதீங்க."

"ஜெயில் விதிம்மா."

"அடுத்த பக்கத்தையும் பாத்துட்டுக் கிழிங்க."

219.

நான்காம் நாள் தலைவர் தானாக வந்து சிறைக் கதவைத் தட்டினார். அடுத்த பத்தியில் விடுதலையாகி மாநாட்டில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏன் திரும்பி வந்தாராம்?"

"எழுதல சார். மூணு தொகுதியிலயும் தேடிட்டேன். இல்ல."

அந்தப் பத்தியை விரலால் தொட்டாள்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவனுக்கு நினைவு வந்தது. போன வருடம் தவசிமணிக்கு ஆறு நாள் பரோல். இரண்டாம் நாள் மதியமே பையோடு வாசலில் வந்து நின்றார். பதிவேட்டில் நேரம் குறித்தது அவன்தான். காரணம் கேட்கவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

"பரோல்ல வந்துட்டுப் போனதுக்கப்புறம் எத்தன மனு போட்டாலும் அப்பா என்னைப் பாக்க வர மாட்டேங்காவ சார். போன மாசம்தான் ஒரு லெட்டர். நீ படிக்கிற புஸ்தகத்தக் குடு, நானும் படிக்கேன்னு. ஒரே வரி."

அவன் புத்தகத்தைப் பார்த்தான்.

ஆறு பக்கத்தைக் கிழித்தால், தலைவர் போகாமலே திரும்பி வந்தவர் ஆகிவிடுவார்.

அளவுகோலைத் தள்ளி வைத்தான். படிவத்தை இழுத்து எழுதினான்.

'தலைவர் தப்பிக்கிறார். தானாகவே திரும்பிவிடுகிறார். அனுமதிக்கலாம்.'

மேலதிகாரி கேட்டால் கேட்கட்டும்.

முத்திரை குத்தினான். வார்டர் கையில் கொடுத்தான்.

"அண்ணாச்சி, தவசிமணிட்ட இத இப்பவே குடுத்துருங்க. கூட, பதில் எழுத ரெண்டு தாளும்."

அந்தப் பெண் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலு குடுங்க," என்றான்.